ஹலோவுக்குப் பக்கத்தில் இருந்த எண்

சார், என் எழுத்துகள் கோணல்மாணலாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. இந்த மடலுக்கு மூன்று நாள் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும், இதை நான்தான் எழுதினேனா என்று சிரிப்பு வருகிறது.

கேட் அறைக் கம்ப்யூட்டரின் ஒரு பட்டன்மேல் நீங்கள் ஒட்டிய சிவப்புப் பொட்டு, ஓரம் உரிந்து இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பட்டனை மறுபடி அமுக்கினேன்.

பொட்டு ஒட்டிய அன்று, "இத அமுக்குனா ரவுட்டர் விவரம் வரும் நைனா. நீ பாத்துச் சொன்னா போதும்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். லாரி நம்பர் எழுதி எழுதி எண்கள் எனக்குத் தெரியும். எழுத்து தெரியாது என்று மட்டும் சொல்லவில்லை. வாட்ச்மேன் வேலை போய்விடுமோ என்ற பயம்.

அந்த மழைநாள் நினைவிருக்கிறதா? காலையில் யாரோ காண்டிராக்ட் ஆட்கள் வந்து, இங்குள்ள கம்ப்யூட்டரை ஆபீஸோடு இணைக்கும் ரவுட்டர் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள். அதோடு திருவள்ளூர் ஆபீஸோடு தொடர்பு அறுந்தது. எடைமேடையில் சீட்டு வரவில்லை. கம்பி ஏற்றிய லாரிகள் கேட்டுக்குள்ளேயே நின்றன. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட நீங்கள் திருவள்ளூரிலிருந்து போன் செய்தீர்கள்.

"அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, ரெண்டு பொட்டியும் ஒரே கணக்குல ஹலோ சொல்லிக்கணும் நைனா. ஒண்ணு பத்து செகண்டுக்கு, இன்னொண்ணு முப்பதுக்குன்னா ஒண்ண ஒண்ணு பக்கத்து ஊட்டுக்காரனா ஏத்துக்காது. ஹலோ பக்கத்துல இன்னா நம்பர் கீது?"

திரை முழுக்க எண்கள். எது ஹலோ என்று எனக்கு எப்படித் தெரியும்? விரல் நின்ற இடத்தில் பத்து இருந்தது. "பத்து சார்" என்றேன்.

என்னை நம்பி, கேபிளில்தான் கோளாறு என்று முடிவு செய்தீர்கள். மத்தியானம் வரை ஆட்கள் மழையில் கேபிள் எங்கே அறுந்தது என்று தேடினார்கள். கடைசியில் நீங்களே பைக்கில் நனைந்தபடி இங்கே கும்மிடிப்பூண்டிக்கு வந்து திரையைப் பார்த்தீர்கள். ஹலோவுக்குப் பக்கத்தில் இருந்தது முப்பது.

ஆலை மேனேஜர் உங்களைப் பார்த்துக் கத்தினார். "காலையிலயே இத பாத்துருக்க வேணாமா?"

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "ஆமா சார், நான்தான் கவனிக்கல."

அவர் போனதும் என்னிடம், "நாஷ்டா துன்னியா நைனா?" என்று மட்டும் கேட்டீர்கள். அடுத்த மாதமே உங்களை இந்த ஆலை வேலையிலிருந்து மாற்றினார்கள். நேரில் பார்த்தால் சொல்லிவிட வேண்டும் என்று நாளைக் கடத்தினேன். போன வருடம் நீங்கள் காய்ச்சலில் போய்விட்ட செய்திதான் வந்தது.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. இடி விழுந்து ரவுட்டர் கெட்டு, புதியது வைத்தார்கள். தொடர்பு வரவில்லை. உங்கள் இடத்தில் இருக்கும் பெண் திருவள்ளூரிலிருந்து கேட்டாள், "ஹலோ எவ்ளோ போட்டுருக்கு நைனா?"

"இரும்மா. நான் இப்பத்தான் படிக்கக் கத்துக்குனேன். ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், நீ சரி பாரு."

ஐந்து இங்கிலீஷ் எழுத்தையும் சொன்னேன். பக்கத்தில் பத்து. எனக்கு வேர்த்துவிட்டது. அன்றும் இதே பதிலைத்தானே சொன்னேன்? நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பத்துதான்.

"அப்ப அது சரி. ஏரியான்னு ஒண்ணு இருக்கும், ஏ-ல ஆரம்பிக்கும், அதுவும் ரெண்டு பக்கமும் ஒரே நம்பரா இருக்கணும். அதுல?"

தேடிப் பிடித்தேன். "முட்டை மா. சைபர்."

அவள் அங்கே பட்டன்களைத் தட்டுவது கேட்டது. பிறகு சிரித்தாள். "தப்பு என்னுதுதான் நைனா. இங்க நான் ஒண்ணுன்னு போட்டு வெச்சுக்கினு உன்ன பேஜாரு பண்றேன்."

அவள் மாற்றிய ஒரு நிமிடத்தில் எடைச்சீட்டு வந்தது. லாரிகள் நகர்ந்தன. தப்பு என்னுது என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுதான் ஆனது, சார்.

மேனேஜர் இன்னும் அதே ஆள்தான். கேபிள் பேச்சு வந்தால் இன்றைக்கும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார். அவருக்கும் நான்கு வரி எழுதியிருக்கிறேன். அன்று எண்ணைத் தப்பாகச் சொன்னது நான், எனக்குப் படிக்கத் தெரியாது, உங்கள்மேல் குற்றமில்லை என்று. வேலை போகலாம். நேற்று முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினேன். வியர்வையில் மை கலைந்துவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்று ஒன்பது மணிக்கு அவர் கார் வரும். கேட்டைத் திறந்ததும் கையில் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.