மெஷின் நிற்கும் நேரம்

ஜூன் 3, செவ்வாய்

தட்டச்சு அறையின் கடைசி கம்ப்யூட்டரையும் இன்று மாற்றி முடித்தேன். எல்லாவற்றிலும் புது எஸ்எஸ்டி, வேகமான டிஸ்க். ஆபரேட்டிங் சிஸ்டம் அதில், ஸ்வாப்பும் அதில். பழைய ஹார்டு டிஸ்க் உள்ளேயே கிடக்கட்டும், ஃபைல்களைச் சுமக்க.

இந்தப் பழைய போர்டுகளில் இனி ரேம் ஏறாது. அதில் நிரம்பி வழிவதை ஸ்வாப்பில்தான், டிஸ்க்கில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான், இறக்கிவைத்தாக வேண்டும். பழைய டிஸ்க்கில் அதற்குள் உயிர் போய் உயிர் வரும். திரை அப்படியே நின்றுவிடும். இனி அது இல்லை.

சுவிட்சைப் போட்டதும் திரை வந்துவிட்டது. முன்பெல்லாம் அதற்குள் பெண்கள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்திருப்பார்கள். மூன்றாவது மேசையில் அக்கா. என் சொந்த அக்காதான், இந்த வேலைக்கு என்னைச் சொல்லிவிட்டதே அவள்தான். சிரித்தாள்: "என்னடா, உன் ஆமைக்கெல்லாம் றெக்கை மொளைச்சிடுச்சு?"

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

முதலாளி தோளில் தட்டினார். முதல் முறை.

ஜூன் 11, புதன்

இலக்கை ஏற்றிவிட்டார்.

மருத்துவமனைப் படிவங்களைப் பார்த்துத் தட்டுகிற வேலை. நாளுக்கு இத்தனை பக்கம் என்று உண்டு. தவறினால் சம்பளத்தில் பிடித்தம். "மெஷின்தான் நிக்கிறதில்லையே, கை மட்டும் ஏன் நிக்கணும்?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னை ஏன்? அவரையல்லவா பார்க்க வேண்டும்?

ஜூன் 16, திங்கள்

அக்கா இடது கையால் டம்ளரை எடுக்கிறாள். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, போ."

அப்புறம் அவளே, பாத்திரம் கழுவியபடி, திரும்பாமல்: "முன்னாடி அது நிக்கும்போது கையை மடியில போட்டுக்குவோம். யாரு கேட்டாலும் மெஷின் ஹேங்குன்னு சொல்லிடலாம். இப்ப என்னத்தச் சொல்றது? நீ நல்லதுதான்டா பண்ணே. அதனாலதான் உன்னைத் திட்டக்கூட முடியல."

வேகமா ஓடவெச்சது ஒரு தப்பா? அந்த ஆளு ஏத்தினதுக்கு நான் என்ன பண்ணுவேன்? — ஆனா ஏத்துறதுக்கு வழி போட்டுக் கொடுத்தது யாரு?

ஜூன் 17, செவ்வாய்

இணையத்தில் தேடிப் படித்தேன். ஸ்வாப்பை எஸ்எஸ்டியில் போடாதே, எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்கிறான் ஒருவன். அதெல்லாம் பழைய பயம், மெஷின் போனாலும் அது போகாது என்கிறான் இன்னொருவன். நான் இரண்டாவது ஆளின் கட்சி. எதற்கும் நம்முடையதைச் சோதித்தேன். புத்தம் புதிதாக இருக்கிறது.

டிஸ்க் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க ஒரு புரோகிராம் இருக்கிறது. மணிக்கட்டுக்கு ஒரு மயிரும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

முதலாளியிடம் முதலில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கை வீங்குது சார், இலக்கைக் குறையுங்க.

"முடியலன்னா நின்னுக்கட்டும்பா. வேலை கேட்டு வாசல்ல கூட்டம் நிக்குது."

வெளியே வந்தேன். வராந்தாவில் நின்றேன். மறுபடி உள்ளே போனேன்.

"சார், ஸ்வாப் எஸ்எஸ்டியில இருக்கு. இப்படி ஓய்வே இல்லாம எழுதிட்டிருந்தா சீக்கிரம் தேஞ்சிடும்."

எழுந்தே நின்றுவிட்டார். "புதுசுப்பா அதெல்லாம்! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ஸ்வாப்பைப் பழைய டிஸ்க்குக்கே மாத்திடலாம். ஆனா மெஷின் அப்பப்ப நிக்கும்."

"நிக்கட்டும். இலக்கைப் பழையபடியே வெச்சுக்கலாம். பொருள் கெட்டுடக் கூடாது, பாவம்."

பாவமாம்!

நான் சொன்னது பொய்யா? சிலர் நம்புவதைத்தானே சொன்னேன். நான் நம்பாததைச் சொன்னேன். அப்போ அது பொய்தானே?

ஜூன் 23, திங்கள்

மாற்றினேன். நன்றாக ஓடியதை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நொண்டியாக்கினேன். இதற்குப் பெயர் சர்வீஸா? ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டேன். அதையும் மாற்ற மனசு வரவில்லை.

ஜூன் 25, புதன்

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த பெண் மத்தியானம் கூப்பிட்டாள். "அண்ணா, ஹேங் ஆயிடுச்சு. கொஞ்சம் சரிபண்ணுங்களேன்."

எழுந்தேன். அதற்குள் அக்கா அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன.

"விடும்மா. அது சரியாத்தான் இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன்.