மகன் சம்மதித்துவிட்டான்

செப்டம்பர் 9

இன்றும் சபையில் சம்பந்தி லலாகோன்தான் பேசினார். பனி விழுமுன் பல்கேரியர்கள் மேல் படையெடுக்க வேண்டுமாம். என் மகன் பர்தாஸ் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இருபது வயது. பேரரசன் அவன், பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் பெயரில் ஆள்வது, அவனைப் பெற்ற நான். பல்கேரியர்களோடு நான் பேசி முடித்த சமாதான ஒப்பந்தம் ஒன்பது மாதமாக அவன் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கிறது. கையெழுத்திடும் சிவப்பு மையைத் தொடும் உரிமை பேரரசனுக்கு மட்டும். இல்லாவிட்டால் நானே போட்டிருப்பேன்.

வழக்கமானதைச் சொன்னேன்: "என் பேச்சுக்கு மதிப்பில்லன்னா நான் மடத்துக்குப் போயிடறேன்." சபையே எழுந்து கெஞ்சியது. போர்ப் பேச்சு நின்றது.

செப்டம்பர் 10

அந்தப்புர அதிகாரி கோஸ்மாஸ் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். "இது பதினோராவது தடவைம்மா. கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்லுங்க."

செப்டம்பர் 24

மறுபடி போர். மறுபடி மடம் என்றேன். யாரும் எழவில்லை. பர்தாஸ் மட்டும் வந்து என் கையை முத்தமிட்டான்.

"அம்மா, உங்க ஆசைக்கு இத்தனை நாள் குறுக்க நின்னுட்டேன். இனிமே நிக்கமாட்டேன்."

கண்ணீர் வேறு. உண்மையான கண்ணீர்! தலைமைப் பேராயர் ஆசி வழங்கினார். லலாகோன் கூரையைப் பார்த்தார்.

இந்த வித்தையை இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். வேறு யார்.

செப்டம்பர் 25

சொன்னதை மாற்றினால் ஊர் சிரிக்கும். போய்விட்டால் போர். லலாகோனுக்கு வெற்றி வேண்டும். எனக்குப் பிள்ளை வேண்டும். பல்கேரியப் போருக்குப் போன அவன் அப்பா அந்த மலைக்கணவாயிலிருந்து எப்படித் திரும்பி வந்தார் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சரி, அப்புறம்? பத்தில், பதினைந்தில்? ஏன் சொல்லவில்லை —

அக்டோபர் 6

என் அறைகளை அளக்க மருமகள் ஆள் அனுப்பினாள். மரியாதை தெரிந்த பெண். நான் ஜெபத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்பினாள்.

அக்டோபர் 14

மடத்துத் தலைவி மக்ரினா சடங்கை விளக்கினாள். முடி வெட்டுமுன் பேராயர் கத்தரிக்கோலைக் கீழே போடுவாராம். நானே எடுத்து அவரிடம் கொடுக்க வேண்டும். மூன்று முறை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

"எடுக்கலைன்னா?"

"அப்பவே வீட்டுக்குப் போயிடலாம் தாயே. யாரும் தடுக்கக்கூடாது. ஆனா, நான் பார்த்து அப்படி யாரும் போனதில்ல."

அவள் போனதும் கோஸ்மாஸைக் கூப்பிட்டனுப்பினேன்.

அக்டோபர் 26, புனித தெமெத்ரியோஸ் திருநாள்

முடிந்தது.

முதல் முறை எடுத்தேன். இரண்டாம் முறையும் எடுத்தேன். மூன்றாம் முறை கத்தரிக்கோல் தரையில் கிடந்தது, நான் நின்றேன். தேவாலயத்தில் ஒரு இருமல்கூட இல்லை. பர்தாஸ் என் காதருகே குனிந்தான்.

"அம்மா, எடுங்க. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். கோஸ்மாஸ் கையில ஒப்பந்தம் இருக்கு. மையும் இருக்கு."

"இங்கயா? இப்பவா?"

"முடியாதுன்னா சொல்லு. சாயங்காலச் சாப்பாட்டுக்கு அரண்மனைக்கு வந்துடறேன்."

"ஏம்மா இப்படிப் பண்றே?"

பேரரசன் குரல் இல்லை அது. என் பிள்ளையின் குரல். அப்போதுதான், அத்தனை பேர் நடுவில், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "உங்கப்பாவை சாக்குல கட்டித்தான்டா கொண்டுவந்தாங்க."

என்னையே பார்த்தான். பிறகு கோஸ்மாஸோடு பக்க அறைக்குப் போனான். பாடகர்கள் ஒரே பாட்டை நான்கு முறை பாடினார்கள். திரும்பி வந்தபோது விரலெல்லாம் சிவப்பு.

குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 19

தலை குளிர்கிறது. மடத்துக்குக் காய்கறி கொண்டுவரும் கலே என்பவளுக்கு, இந்தக் கறுப்பு உடையில் என்னைத் தெரியவில்லை. சமாதானம் ஆனதால் எல்லைப் படையிலிருந்த அவள் மகன் முழுதாக வந்து சேர்ந்துவிட்டானாம்.

"எல்லாம் நம்ம ராஜா புண்ணியம். அந்தம்மா மடத்துக்குத் தொலைஞ்சப்புறம்தான் புள்ளைக்குச் சொந்தப் புத்தி வந்திருக்கு. இல்லையா தாயே?"

"ஆமாம்," என்றேன்.

சந்தோஷமாக ஒரு முட்டைக்கோசு சும்மா கொடுத்தாள்.