ஜன்னலுக்கு மேல் ஐந்தாவது ஸ்பீக்கர்

பிப்ரவரி 24, திங்கள்

டிவி வந்துவிட்டது. கூடவே ஐந்து ஸ்பீக்கர், ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு மூட்டை வயர். கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் மிலூத், கையேட்டை மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் மேசைக்கு முட்டுக் கொடுத்தார். "இதெல்லாம் தெரியாதவனுக்கு."

அந்த மேசையில்தான் என் படம் வளர்கிறது. புது டிவி மாட்டுகிற ஒருவனைப் பற்றிய ஐந்து நிமிடக் கார்ட்டூன். பன்னிரண்டு வருஷம் பிறத்தியார் படங்களுக்கு மரமும் சுவரும் வரைந்தவளுக்கு முதல் சொந்தப் படம். அந்த ஆள் யாரென்று மிலூத் இன்னும் கேட்கவில்லை. மீசையைக்கூட நான் மாற்றவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நாலு ஸ்பீக்கர் பேசுகிறது, ஐந்தாவது ஊமை.

பிப்ரவரி 28, வெள்ளி

அல்ஜியர்ஸிலிருந்து தயாரிப்பாளர் ராபஹ் பேசினார். "எல்லாம் நல்லாருக்கு வஸீலா. ஆனா கடைசியில டிவி வெடிக்குது பாரு, அதை யார்தான் எடுக்கல? வேற முடிவு குடு. பதினஞ்சாம் தேதிக்குள்ள வரலேன்னா நோன்புப் பெருநாளைக்கு டிவியில வேற படம் போட்டுடுவாங்க."

வேறு முடிவு! கடையில் விற்கிறார்களா? இந்தப் பக்கம் மிலூத் சுவரில் ஆணி அடிக்கிறார். மனுஷி எப்படித்தான் யோசிப்பது?

மார்ச் 4, செவ்வாய். நாலாம் நோன்பு

ஐந்தாவதும் பேசிவிட்டது. அதை ஜன்னலுக்கு மேல் மாட்டியிருக்கிறார். டிவியே ஐந்து வேளைத் தொழுகைக்கும் பாங்கு சொல்லுமாம், அதையும் போட்டுவிட்டாராம்.

"நாளன்னிக்கு அக்கா வீட்டையே நோன்பு திறக்கக் கூப்பிட்டிருக்கேன். சத்தத்தைக் கேட்டு அசந்துடுவாங்க."

பதினோரு பேர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

மார்ச் 6, வியாழன்

கோபமா சிரிப்பா, எனக்கே தெரியவில்லை.

எல்லோரும் ஹரீரா சூப் கிண்ணத்தின் முன்னால், கையில் பேரீச்சம்பழத்தோடு. மிலூத்தின் அக்கா யமீனா, "நோன்பு திறக்கிற நேரத்துல என்ன படம்? அணைடா" என்றார். மிலூத் திரையை மட்டும் இருட்டாக்கினார். அதற்குள் ஜன்னல் பக்கமிருந்து பாங்கு. பிஸ்மில்லாஹ்! வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பார்த்தேன். பசி, பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

யமீனா இரண்டாம் கிண்ணத்தில் இருந்தபோது ஜன்னல் பக்கமிருந்து மறுபடியும் பாங்கு. இந்த முறை நிஜமாகவே எங்கள் தெருப் பள்ளிவாசல். இருபத்தாறு கைகளும் அப்படியே நின்றன.

"டேய் மிலூத், அப்ப முதல்ல சொன்னது யாருடா?"

மிலூத் ரிமோட்டை எடுத்துத் திரையைப் போட்டுப் பார்த்தார். ஊர்: அல்ஜியர்ஸ். "ஊர் எதுன்னு கேட்டுச்சுக்கா... லிஸ்ட்ல முதல்ல இருந்ததை அமுக்கிட்டேன்."

அங்கே எங்கள் ஊர் ஓரானைவிடக் கால் மணி நேரம் முன்னால் பொழுது சாய்கிறது. பெரிய கணக்கு வாத்தியார்!

"பதிமூணு பேர் நோன்பு, ஒரே பட்டன்ல போச்சு! பெருநாள் முடிஞ்சு எல்லாரும் இந்த ஒரு நோன்பைத் திரும்பக் களா பிடிக்கணும், உன்னால!" யமீனா காபிகூடக் குடிக்காமல் போனார்.

மார்ச் 7, வெள்ளி

ஐந்தையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். வீட்டில் சத்தமே இல்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டாய், வஸீலா?

என் மேசை மறுபடி ஆடுகிறது. அடியில் கையேட்டைக் காணோம். மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன்.

படத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. தெரியும். ஆனால் அவருடைய பள்ளிக்கூடமே பார்த்துச் சிரிக்கும். வரையமாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

வேறெதுவும் வரவில்லை. பழைய வெடிப்பையே பெரிதாக்கி வரைந்துகொண்டிருந்தேன். திரும்பினால் மிலூத். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இது நான்தானே?"

பென்சிலைக் கீழே வைத்தேன். "ஆமா..."

"நான் மாட்டின டிவி என்னிக்காவது வெடிச்சிருக்கா?"

"என்னங்க?"

"சிவப்பு வயரை வெள்ளை ஓட்டையில செருகியிருக்கே. பார்க்கிறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்? நான் தப்பு பண்ணினது ஊர்ல, வயர்ல இல்ல. பண்ணின தப்பைப் போடு. பண்ணாததைப் போடாதே."

"பசங்க சிரிப்பாங்களே."

"இப்ப மட்டும் அழுறாங்களா? அக்கா ஊரெல்லாம் சொல்லியாச்சு."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த உருக்கம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயர்களையும் ஒவ்வொன்றாக அழித்துத் திரும்ப வரைய வைத்தார்.

மார்ச் 15, சனி

அனுப்பியாச்சு. ராபஹ் சிரித்த சிரிப்பில் என்ன சொன்னார் என்றே புரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாளன்று படம் வந்தது. முடிந்ததும் யமீனா போன் செய்தார். "அந்த மூக்கு என்னுதுதானே?" வைத்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும்: "திரும்ப எப்பப் போடுவாங்க?"

இன்று நாங்கள் இருவரும் களா நோன்பு பிடித்தோம். ஸ்பீக்கர்கள் மறுபடி சுவரில். டிவியில் ஊர்: ஓரான். மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஸ்பீக்கரில் பாங்கு வந்தது. பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"பொறு" என்றார் மிலூத். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஆளுக்கொரு பழத்தோடு தெருப்பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம்.