கடைசிப் பத்தியில் இருந்த பவுனு

தேவாரம்,
16.11.2000

அன்புள்ள விஜய்ராஜுக்கு,

செல்லப்பாண்டி எழுதுவது. இங்கு நலம். நீயும் மதுரையில் செய்தி மேசையில் சிவப்புப் பேனாவும் கையுமாக நலமாகவே இருப்பாய். இந்தக் கவரில் ஒரு செய்தி, ஒரு பொட்டலம், இந்தக் கடிதம். கடிதத்தை முதலில் படி.

போன மாதம் ஓடைப் பாலம் திறப்பு விழாச் செய்தி அனுப்பினேனே, அதில் தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர், சால்வை போர்த்தியவர் என்று இருபத்தேழு பெயர். ஒன்றை விட்டாலும் மறுநாள் கடைவீதியில் நான் முக்காடு போட்டுத்தான் நடக்க வேண்டும். மைக் செட் சுருளிகூட உண்டு. வயரைச் சுருட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தான், சேர்த்துவிட்டேன். பாலத்தைக் கட்டிய காண்ட்ராக்டர் கர்ணன் ஒன்பதாவது. அவர் என் வீட்டுக்காரியின் அண்ணன் என்பது உனக்குத் தெரியும்.

கடைசிப் பத்தி உனக்கு நினைவிருக்காது. நீதான் வெட்டினாய். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவது உங்கள் வழக்கம். அந்த நான்கு வரியில் பவுனு இருந்தாள். தினமும் பால் கேனோடு ஓடையைக் கடக்கிறவள். விழா அன்று கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக் காட்டி, "ஏண்ணே, கைய வச்சா சிமெண்டு உதிருது. இத எழுதுவீகளா, இல்ல மாலை போட்டவுக பேரு மட்டுந்தானா?" என்று கேட்டாள். எழுதினேன்.

இந்தத் திங்கட்கிழமை மழையில், டிராக்டருக்கு ஒதுங்கி அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறாள். ஓடைக்குள் சுவர், பால் கேன், பவுனு. தொடை எலும்பு முறிந்துவிட்டது. போனில் சொன்னபோது, "உயிர்ச்சேதம் உண்டா?" என்றாய். இல்லை என்றேன். "அப்ப மூணு வரி" என்று வைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. பெண் தவறி விழுந்து காயம் என்றுதானே நானும் சொன்னேன்.

மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். "நான் சொன்னத பேப்பர்ல காணமேண்ணே" என்றாள். "மதுரையில வெட்டிட்டாகம்மா" என்று உன் தலையில் போட்டேன்.

விஜய், நீ வெட்டுவாய் என்று தெரிந்துதான் அவளைக் கடைசியில் வைத்தேன். எழுதின மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு, மச்சான் வீட்டுக் கறிச்சோறும் கெடவில்லை. எது செய்தி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தானே சரியாக அதையே அடியில் ஒளிக்க முடிந்தது!

இப்போது அதை மேலே தூக்கி வைத்திருக்கிறேன். முதல் வரி இது: "திறந்து முப்பத்தெட்டே நாளான பாலத்தின் ஒரு பக்கச் சுவர் இடிந்தது, பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக உட்காரும் மறுபக்கச் சுவரும் உதிர்கிறது." நானே ஆணியால் சுரண்டினேன். உதிர்ந்ததுதான் பொட்டலத்தில் இருக்கிறது. பிரித்து விரலால் தேய்த்துப் பார். சிமெண்டு இருந்தால் எனக்குச் சொல்.

எதிர்த்தரப்பைக் கேட்டாயா என்பாய். இஞ்சினியர், "பார்க்கலாம்" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். மச்சான், மழைதான் காரணம் என்றார். அதுவும் மூன்றாவது வரியில் இருக்கிறது. அவர் சொன்னதில் எழுதாத பாக்கி இதுதான்: "மாப்ள, ஓடையில விழுந்தது அவ. நீக ஏன் எம்மேல விழுறீக?"

வீட்டில் இன்று அடுப்பு எரியாது என்று நினைத்து, ஹோட்டலில் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "விழாவுக்கு எங்கண்ணன் பேர ஒம்பதாவதாப் போட்டீக. இதுலயாச்சும் முன்னுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். போட்டுவிட்டேன்.

மழை விடவில்லை. பிள்ளைகள் இன்று காலையும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் விரட்டினால் சிரிக்கிறார்கள். நாளை மறுநாளுக்குள் அச்சில் வந்தாக வேண்டும். இடமில்லையென்றால் கீழிருந்தே வெட்டு. அங்கே இப்போது என் பெயர்தான் இருக்கிறது.

இன்னொன்று. நீ வெட்டியதாகச் சொன்னேனே, அதற்குப் பவுனு சொன்னாள்: "பாவம், அங்கன உக்காந்திருக்கவுகளுக்கு இங்கன உள்ள பாலத்தப் பத்தி என்ன தெரியும்? அவுக புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்." அந்த வாழ்த்து உன்னுடையது, அனுப்பிவிட்டேன். எனக்கு என்ன சொல்வாளோ, அதைப் போய்க் கேட்க வேண்டும். பேப்பரோடு போக ஆசைப்படுகிறேன்.

ஒன்பதாம் பெயருக்கு மைத்துனன்,
செல்லப்பாண்டி