பாலன் குடிலுக்குப் பின்னால் போன வயர்

வுப்பர்டால், ஜேர்மனி
17.01.2026

அன்பு மகள் லவினியாவுக்கு அப்பா எழுதுவது,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், குளிருக்கு அம்மாவின் முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, வேறு குறையில்லை, மெல்பேர்ன் வெயிலில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப் இருக்க அப்பா ஏன் தபாலில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். அதில் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்துவிட்டேன், பேனாவால் எழுதினால் அழிக்க முடியாதுதானே.

நத்தார்ப் பண்டிகை முடிந்த ஞாயிறு நீ வீடியோவில் வந்து ஆரூரனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னாய், அவர் வேதக்காரர் இல்லை, சைவக்காரர் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, அப்பா என்ன சொல்லுறீங்கள் என்று கேட்டாய். உன் திரையில் என் முகம் அசையாமல் நின்றதாம், சத்தமும் வரவில்லையாம், நீ அழுதுகொண்டு போனை வைத்துவிட்டாய். இன்டர்நெற் பிழை பிள்ளை என்று அம்மா எழுதினா. நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு வடிவாய்க் கேட்டதுதானே, பிறகென்ன நெற் பிழை, கொஞ்ச நாளைக்கு எடுக்காதேங்கோ என்று பதில் போட்டாய். உன் குரல் மணி மாதிரிக் கேட்டது உண்மைதான்.

விடக்கூடாது என்று எங்கே பிழையென நானே பார்க்கத் தொடங்கினேன். நெற் பெட்டியை நிறுத்திப் போட்டேன், வைஃபை வேண்டாமென்று லாப்டொப்பை நேரே வயரில் கொழுவினேன், ஒரே கதைதான். வீட்டுக்கு இறங்கும் வேகம் இருநூறுக்கு மேல் காட்டுகிறது, இங்கிருந்து ஏறும் வேகம் நாற்பது வரவேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. கொம்பனிக்கு போன் எடுத்தால் பாட்டுத்தான் போடுகிறார்கள். கடைசியில் ஆள் வந்து பார்க்க ஒரு டெர்மின் கிடைத்து, நேற்று உன் வயதுப் பெண்பிள்ளை ஒன்று அளக்கிற மெஷினோடு வந்தா. வந்தவுடன் பாலன் குடிலைக் குனிந்து பார்த்தா, எனக்குச் சந்தோஷம், வைக்கோல், மூன்று இராசாக்கள் எல்லாம் காட்டினேன். அவ பார்த்தது குடிலை இல்லை, அதற்குப் பின்னால் போன வயரை. இந்த வருஷம் குடிலின் மலையைப் பெரிதாய்க் கட்டப்போய், பெட்டியை மற்றச் சுவருக்குத் தள்ளி, கீழே கெல்லர் நிலவறையில் கிடந்த பழைய டிவி வயரை இரண்டு துண்டாய் ஒட்டி இழுத்திருந்தேன். அந்த ஒட்டுக்குள்ளால் இரைச்சல் புகுந்து, வீட்டிலிருந்து போவதை மட்டும் கெடுத்ததாம், வருவதற்கு ஒன்றும் ஆகவில்லையாம். உங்களுக்கு எல்லாம் கேட்கும், நீங்கள் சொல்வதுதான் ஒருவருக்கும் கேட்காது என்று விளங்கப்படுத்தினா. முப்பது வருஷமாய் இந்த வீட்டிலை என்ர நிலைமையும் அதுதான் என்று அம்மா சொல்லிச் சிரித்தா. பெப்ரவரி இரண்டு, காணிக்கை மாதா திருநாள் வரை குடிலில் ஒருவரையும் கைவைக்க விடாதவன், நேற்றே கலைத்துவிட்டேன். பெட்டி பழைய இடத்தில் இருக்கிறது, ஏறும் வேகம் நாற்பத்தொன்று. அவ அளந்து தந்த தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், நீ நம்பவேண்டும் என்பதற்காக.

ஆனால் எல்லாப் பழியையும் வயரில் போட்டுத் தப்பமாட்டேன். நீ கேட்டதும் மாதா கோயிலில் சனம் என்ன கதைக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன், அதை நினைக்க இப்போது வெட்கமாய் இருக்கிறது. பிறகு சொன்னேன், ஓம் பிள்ளை, உனக்குப் பிடிச்சால் எங்களுக்கும் பிடிச்சதுதான், பெடியனைக் கூப்பிடு, நான் கதைக்கிறன் என்று. இரண்டு தரம் சொன்னேன். அம்மாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினா. நீ அழுவது எங்களுக்குத் தெரிந்தது, நாங்கள் சொல்வதுதான் உனக்கு வரவில்லை.

மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இராதே. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்போம், ஆரூரனையும் இருத்திக்கொண்டு எடு. திரும்பவும் என் முகம் அசையாமல் நின்றால் உடனே வைத்துவிடாதே பிள்ளை, கொஞ்சம் பொறு, நான் ஓம் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அன்பு அப்பா,
றெஜினோல்ட்