ரோகிணியின் உள்ளங்கை

போவன்பள்ளி, ஹைதராபாத்
12.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பானு எழுதுவது. நலம் என்று எழுத மனசு வரவில்லை, இருக்கிறேன். போனில் ரோகிணி அழுதால் இளகிவிடுவேன், அதனால்தான் கடுதாசி.

அடுப்பு வெடித்து உங்கள் தம்பி போய் மூன்று மாசம். அன்றைக்குப் பிள்ளையின் வெந்த உள்ளங்கையில் பற்பசையை அப்பியது நான்தான். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டியிருக்கணுமாம். ஆஸ்பத்திரியில் அதை வழித்து எடுக்கும்போது அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. இனி எனக்குத் தோன்றியதைச் செய்ய மாட்டேன், டாக்டரம்மா சொன்னதைத்தான் செய்வேன்.

தூங்கும்போது விரலை விரித்துக் கட்டுகிற அட்டையைக் கழற்றாதீர்கள். எண்ணெய் தொட்டுத் தழும்பு வெளுக்கிற வரை அழுத்தித் தேயுங்கள். விரல்களைப் பின்பக்கமாக நீட்டுங்கள். அழுவாள், விடாதீர்கள். ஊட்டாதீர்கள். சிந்தினாலும் அவளே சாப்பிடட்டும்.

மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. இது இல்லாவிட்டால் அவளை உங்களிடம் அனுப்பியே இருக்க மாட்டேன்.

பானு

அரக்கோணம்
20.5.2024

பானுவுக்கு,

நீ அம்மாவா, போலீஸா? ஏழு வயசுப் பிள்ளை. அட்டையை எடுத்தாலே "நக்கோ அத்தை, நக்கோ" என்று உங்கள் ஹைதராபாத் பேச்சில் வேண்டாம் வேண்டாம் என்று காலைப் பிடிக்கிறது. இரண்டு நாள் கட்டினேன், அப்புறம் என்னால் முடியவில்லை. நான்தான் ஊட்டுகிறேன். என் தம்பி இருந்தால் ஊட்டமாட்டானா?

இப்போது அவள் அழுவதே இல்லை. கடைசி இரண்டு விரல் கொஞ்சம் மடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வளர வளரச் சரியாகும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. "அம்மாகிட்ட போமாட்டேன், அம்மா வலிக்கப் பண்ணுது" என்கிறாள்.

மங்கையர்க்கரசி

போவன்பள்ளி
26.5.2024

அண்ணி,

உங்கள் கடுதாசியை டாக்டரம்மாவிடம் காட்டினேன். மடங்கிய விரல் தானாக நிமிராதாம். இப்போதே பிடித்தால் நீட்டி எடுக்கலாம், விட்டால் கீறி வேறு தோல் வைத்துத் தைக்கணும் என்றார்.

எட்டாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். அவள் ஒளிந்துகொண்டாலும் தூக்கிக்கொண்டு வருவேன். என்னைப் பிடிக்காமல் போனால் போகட்டும். அந்தக் கை பென்சில் பிடிக்கணும், பஸ்ஸில் கம்பி பிடிக்கணும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. வலிக்க வைப்பதும் நானே, தேற்றுவதும் நானே என்றால் பிள்ளை யாரிடம் ஓடுவாள்? ஒரு மாசம் எங்களோடு இங்கே வந்து இருங்கள். நான் நீட்டும்போது உங்கள் மடியில் அழட்டும்.

அதுவரைக்கும், இன்றைக்கே அட்டையைக் கட்டுங்கள்.

பானு

அரக்கோணம்
30.5.2024

பானு,

எனக்கும் சேர்த்து டிக்கெட் போடு.

நேற்று கட்டினேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். கழற்றவில்லை.

மங்கையர்க்கரசி