கிராம்புக்கு நீளும் நாக்கு

மார்ச் 4
மூன்று வருஷ வேலை இன்று மானத்தை வாங்கிவிட்டது. இருபது தேனீக்களை ஐஸில் வைத்து அடக்கி, ஸ்ட்ரா துண்டுகளுக்குள் தலை மட்டும் வெளியே தெரிய நிறுத்தி, கிராம்பு வாசனை காட்டிய கையோடு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கியிருந்தேன். அப்புறம் கிராம்பு வாசனை பட்டாலே நாக்கை நீட்ட வேண்டும். நீட்டின. வெறுங்காற்றுக்கும் நீட்டின! அதுவும் ஆய்வு நிலைய இயக்குநர் முன்னால்.

“இதுங்க வாசனையைக் கத்துக்கலைம்மா. பசிக்கு வாயைத் தொறக்குதுங்க,” என்றார். இருபதாம் தேதிக்குள் நிரூபிக்காவிட்டால் என் அறை பக்கத்து லேப் நுண்ணோக்கிக்காரருக்கு. அந்த மனுஷன் அப்போதே டேப்பும் கையுமாக சுவரை அளந்துகொண்டிருந்தார்.

மார்ச் 7
மறுபடியும் அதே. தலைவலி.

மார்ச் 9
வாசனை ஊதும் குழாய்களைக் கொதிநீரில் கழுவியாயிற்று. வாசனையை வெளியேற்றும் விசிறியை மாற்றியாயிற்று. வேறு கூட்டுத் தேனீக்கள். ஒரு மாற்றமும் இல்லை. மூணு வருஷமா என்னதான் கிழிச்சேன் நான்?

மார்ச் 12
வீட்டுக் கதவைத் திறந்ததும் இவர், “வா வா! உன் தைல வாசனை அப்பவே வந்து உட்கார்ந்தாச்சு, நீதான் லேட்டு,” என்றார். சண்டைக்கு வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தைலம். தினமும் காலையில் நெற்றியில் தேய்க்கிறேன். அதே விரலால்தான் குழாயைப் பிடிக்கிறேன். கிராம்போ, காற்றோ, எதைக் காட்டினாலும் அவற்றின் உணர்கொம்பில் படுவது தைலம்தானே?

மார்ச் 13
நெற்றியில் ஒன்றுமில்லை. கையுறை போட்டேன். நேற்று பழக்கிய இருபதிடம் கிராம்பைக் காட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. தைலப் புட்டியைத் திறந்து காட்டினேன். இருபதும் நாக்கை நீட்டின. இருபதும்! தனியாக நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன். மக்கு நான்தான். அவை நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கற்றிருக்கின்றன.

மார்ச் 16
புதுத் தேனீக்கள். மண்டை பிளக்கிறது. தைலத்தைத் தொடமாட்டேன், சத்தியமா.

மார்ச் 20
ஜெயித்துவிட்டேன்! எந்தக் குழாயில் எது என்று எனக்கும் தெரியாதபடி இயக்குநரே கலைத்து வைத்தார். குழாயைப் பிடித்தது யார்? நுண்ணோக்கிக்காரர். வெறுங்காற்றுக்கு ஒரு நாக்கும் வரவில்லை. கிராம்புக்குப் பத்தொன்பது! மிச்சம் ஒன்று கடைசி பெஞ்ச் போலிருக்கிறது.

இயக்குநர் ஒரு குழாயை முகர்ந்து பார்த்தார். “எனக்குச் சளிம்மா, ஒண்ணும் தெரியலை. இதுங்களுக்குத் தெரியுது பாருங்க!” என்று சிரித்தார். “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

நுண்ணோக்கிக்காரர் டேப்பைப் பாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, “இன்னொரு தடவை காட்டுங்களேன்,” என்றார். காட்டினேன். நாலு தடவை.

ஏப்ரல் 22
இவருக்கு ஜலதோஷம். தைலப் புட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “மூடி இறுகிப் போச்சு. யாரும் இதைத் தொடவே இல்லையா?” என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு மாசமாகத் தலைவலி வரவில்லை.